பொம்மைக்கு உயிர் கொடுக்கும் படிப்பு

திரையில் எலி நடனம் ஆடுகிறது. கரடி சைக்கிள் ஓட்டுகிறது. யானைக்குட்டி கண்ணீர் விடுகிறது. குழந்தைகள் கைதட்டுகிறார்கள்.

"எல்லாம் கம்ப்யூட்டர் செய்யும் வேலை" என்று பலர் நினைக்கிறார்கள். பொத்தானைத் தட்டினால் பொம்மை ஆடும் என்பது அவர்கள் எண்ணம்.

அது சரியல்ல. பொம்மையை ஆட வைப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது. அதன் பெயர் 'அனிமேஷன்'. அந்த வகுப்பில் மாணவர்கள் என்ன படிக்கிறார்கள்?

வினாடிக்கு 24 படம்

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் அசையாத படம்தான். ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக வருவதால், அசைவது போல நம் கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள் வேண்டும்! முன்பெல்லாம் இவற்றைக் கையால் வரைந்தார்கள். ஒரே படத்தை இரண்டு முறை காட்டி, வேலையைப் பாதியாகக் குறைப்பதும் உண்டு. அப்போதும் 720 படங்கள் வரைந்தாக வேண்டும்.

முதல் பாடம் பந்து

வகுப்பில் சேர்ந்தவுடன் சிங்கமும் புலியும் வரையச் சொல்வதில்லை. துள்ளும் பந்துதான் முதல் பாடம்.

மேலே போன பந்து அங்கே மெதுவாகிறது. கீழே வரும்போது வேகம் கூடுகிறது. தரையில் மோதியதும் ரப்பர் பந்து சற்று நசுங்கி மறுபடி எழும்புகிறது. இரும்புக் குண்டு நசுங்காது, துள்ளவும் துள்ளாது. பார்த்தவுடனே 'இது ரப்பர், இது இரும்பு' என்று தெரிய வேண்டும். தெரிந்தால் மாணவர் தேறினார்.

அடுத்தது நடை. சாதாரண நடையில் இரண்டு அடி வைக்க ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். காலை ஊன்றியதும் உடம்பு சற்றுத் தாழ்கிறது. மறு கால் முன்னே வரும்போது உயர்கிறது. இதைக் கவனிக்காமல் வரைந்தால், பொம்மை நடக்காது, வழுக்கிக்கொண்டு போகும்!

பாட்டியை எப்படி வரைவது?

கதையில் வரும் ஆட்களின் உருவத்தை அமைப்பது தனிப் பாடம்.

மீன் விற்கும் ஒரு பாட்டியை வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று எல்லாப் பக்கமும் வரைய வேண்டும். சிரிக்கும் முகம், கோபப்படும் முகம், அழும் முகம் எல்லாம் வேண்டும்.

இதற்கு ஒரு சோதனையும் உண்டு. உருவம் முழுவதையும் கறுப்பு மையால் நிரப்பிவிடுவார்கள். வெறும் நிழலைப் பார்த்தே, 'இது பாட்டிதான்' என்று சொல்ல முடிய வேண்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் கம்ப்யூட்டர் வருகிறது. அதில் பாட்டியின் உருவத்தைச் செய்து, உள்ளே எலும்புக்கூடு பொருத்துகிறார்கள். முக்கியமான நிலைகளை மாணவர் அமைக்கிறார். இடையில் உள்ள படங்களைக் கம்ப்யூட்டர் நிரப்புகிறது. ஆனால், அதன் போக்கில் விட்டுவிட்டால் பாட்டி இயந்திரம் போல நடப்பாள். கூடையின் பாரத்தைக் கழுத்திலும் இடுப்பிலும் காட்டுவது மாணவர் வேலை.

மான்குட்டிகள் வந்தன!

அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனம் 'பாம்பி' என்ற மான் கதையைப் படமாக்கியது. படம் 1942-ல் வெளிவந்தது. அதற்காக உயிருள்ள மான்குட்டிகளையே ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். ஓவியர்கள் அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள்.

அந்தப் படத்தில் வேலை செய்தவர்களில் ஒருவர் கிளேர் வீக்ஸ். அவர் 1956-ல் பம்பாய்க்கு வந்து, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் நம் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கே பயின்றவர் ராம்மோகன். வேதியியல் படித்த அவர் அனிமேஷனுக்கு வந்து, பிற்காலத்தில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று போற்றப்பட்டார். 2014-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019-ல் காலமானார்.

ரஜினிகாந்தின் 'கோச்சடையான்' 2014-ல் வந்தது. அதிலும் நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து, அதைத்தான் கம்ப்யூட்டர் உருவங்களுக்குக் கொடுத்தார்கள். அசைவு மனிதரிடமிருந்தே வந்தது.

காட்டுப்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடம்

சென்னைக்கு வடக்கே, எண்ணூரைத் தாண்டி இருக்கிறது காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் மீனவர் குடியிருப்பு. ஒரு பக்கம் துறைமுகம். இங்கே ஒரு பிள்ளைக்கு அனிமேஷனில் ஆசை வந்தால், பாடம் கண்ணெதிரே இருக்கிறது.

கரையில் வலை இழுப்பவரைப் பாருங்கள். குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்க்கிறார். கனமான வலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாய்வே சொல்கிறது.

துறைமுகத்தில் கிரேன் பெட்டியைத் தூக்குகிறது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, இறக்கும் இடத்தில் மறுபடி மெதுவாக. பந்துப் பாடமும் இந்த வேக மாற்றம்தான்!

செலவு எவ்வளவு?

"படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. சினிமா, விளம்பரம், விளையாட்டு, பாட வீடியோ என்று வேலைகள் இருக்கின்றன. ஆனால், சான்றிதழ் மட்டும் போதாது. செய்த வேலையைக் காட்டச் சொல்வார்கள்.

ஆகவே, பெருந்தொகை கட்டுவதற்கு முன் பெற்றோர் ஒன்றை விசாரிக்க வேண்டும். அங்கே ஓவியமும் அசைவும் கற்றுத் தருகிறார்களா, அல்லது கம்ப்யூட்டரை இயக்க மட்டும் சொல்லித் தருகிறார்களா? முன்பு படித்த மாணவர்களின் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

சென்னை தரமணியில் உள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் பட்டப் படிப்பு இருக்கிறது.

'பிளெண்டர்' என்ற கம்ப்யூட்டர் மென்பொருளுக்குக் காசே வேண்டாம். லாட்வியா என்ற சிறிய நாட்டுக்காரர் ஒருவர் அதைக் கொண்டு 'ஃப்ளோ' என்ற பூனைப் படத்தை எடுத்தார். படத்தில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. பூனை பூனையாகவே நடந்தது. 2025-ல் அதற்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது!

கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் இன்றைக்கே தொடங்கலாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். தாளின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு பந்தாக வரைந்து, கட்டை விரலால் வேகமாகப் புரட்டினால் பந்து துள்ளும்.