நாளைக்கு நீங்கள் எங்கே போவீர்கள்?

புசா ரோட்டு வழியாக மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2005 டிசம்பர் 31-ல். ராஜேந்திர பிளேஸ், கரோல் பாக் நிலையங்களில் காலை வேளையில் நம்மவர் பலரைக் காணலாம். ஸ்மார்ட் கார்டைக் காட்டினால் கதவு திறக்கிறது. இறங்கும் இடத்திலும் அப்படியே. கார்டில் பெயர் இல்லாவிட்டாலும் எண் உண்டு. எந்த எண், எந்த நிலையம், எத்தனை மணி என்பதெல்லாம் பதிவாகிவிடுகிறது.

முன்பு ரயில்வே கவுண்டரில் கெட்டி அட்டை டிக்கெட் விற்றபோதும் கணக்கு இருந்தது. வரிசை எண்ணைப் பார்த்து, இன்ன ஊருக்கு இத்தனை டிக்கெட் என்று எழுதுவார்கள். போனவரே மறுநாளும் போனாரா என்பது அதில் தெரியாது.

இப்போது தெரிகிறது. செல்போன் வைத்திருந்த 50,000 பேரின் மூன்று மாத நடமாட்டத்தை ஆராய்ந்தவர்கள், அதில் 93 சதவீதம் வரை முன்கூட்டியே கணிக்கத்தக்கது என்று 2010-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பத்து மணிக்கு ஆபீஸ், ஆறு மணிக்கு வீடு என்று வாழும் குமாஸ்தாவுக்கு இதில் வியப்பில்லை.

எந்த நேரத்தில் எத்தனை வண்டி விடலாம் என்று திட்டமிட இக்கணக்கு உதவும். ஆனால் பெயரை நீக்கிவிட்டால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 15 லட்சம் பேரின் செல்போன் பதிவை ஆராய்ந்த 2013-ஆம் ஆண்டு ஆய்வின்படி, இடமும் நேரமும் சேர்ந்த நான்கு குறிப்புகள் இருந்தால் போதும், 95 சதவீதம் பேரைத் தனித்தனியே பிரித்துவிடலாம். வீடு, ஆபீஸ், கோயில், பிள்ளையின் பள்ளிக்கூடம் - நான்கு ஆயிற்று! வீடு எப்போது பூட்டிக் கிடக்கும் என்பதும் அதிலேயே அடக்கம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2017-ல் தீர்ப்பளித்தது. வண்டி விடுவதற்கு எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும். யார் என்று தெரிய வேண்டியதில்லை.