உங்களுக்குத் தெரியுமா? காசநோய் மாத்திரையும் காவல் செலவும்

● காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்திலேயே இருமல் அடங்கி உடம்பு தேறிவிடுவதால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் நோயாளி விழுங்குவதை ஒருவர் நேரில் பார்க்கும் ‘டாட்ஸ்’ முறை வந்தது. சரி, பார்ப்பவருக்கு ஆகும் செலவு?

● டாட்ஸ் வருவதற்கு முன்பே சென்னை ஒரு பெரிய செலவைக் குறைத்துக் காட்டியது. 1956-ல் இங்கே தொடங்கிய ஆய்வு மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 193 ஏழை நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரை சானடோரியத்தில் சேர்த்தது. மற்றவர்களுக்கு வீட்டிலேயே மருந்து. ஒரு வருடத்தில் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. நெருக்கடியான வீடுகள்தான், ஆனாலும் கூட இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. வீட்டிலிருந்தவர்கள் மருந்தை நிஜமாகவே சாப்பிட்டார்களா? சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். படுக்கை, சாப்பாடு, நர்ஸ் என்று மாதக்கணக்கில் ஆகும் செலவு மிச்சம்!

● காசநோய்க்கு மருந்து கொடுப்பது மிக மலிவான சுகாதார முதலீடுகளில் ஒன்று என்றது உலக வங்கியின் 1993 அறிக்கை.

● தென்னாப்பிரிக்காவின் லபிசா பகுதியில் மாத்திரை விழுங்குவதற்கு மளிகைக் கடைக்காரர்களும் சாட்சி! உப்பு, சர்க்கரை வாங்கும் கடையிலேயே மாத்திரையையும் விழுங்கிவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துச் செய்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் சிக்கனம்.

● வங்கதேசத்தில் பிராக் அமைப்பு நோயாளியிடமே முன்பணம் வாங்கியது. சிகிச்சையை முடித்தால் ஒரு பங்கு அவருக்குத் திரும்பும், மீதி மாத்திரை கொடுத்த கிராமத்துப் பெண்ணுக்கு. ஒருவரைக் குணமாக்க 64 டாலர். அரசு முறையில் 96. (கறாரான யோசனைதான். கையில் காசே இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்வியும் வருகிறது.)

● பாகிஸ்தான் கணக்கு இன்னும் சுவாரசியம். ஒருவரைக் குணமாக்க, யாரும் பார்க்காமல் அவரே சாப்பிட்டால் 164 டாலர், ஊர் சுகாதாரப் பணியாளர் பார்த்தால் 172, வீட்டார் பார்த்தால் 185. சுகாதார நிலையத்துக்கு வந்து சாப்பிடு என்றால் 310! பஸ் காசும் போன கூலியும் நோயாளி தலையில்தானே விழும்? குணமானவர்களின் விகிதமும் காவலால் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. காவல் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. நோயாளியை அலையவைக்கும் காவல்தான் கட்டுபடியாகாது.

● இந்தியாவில் ஒருவருக்கு முழுச் சிகிச்சைக்கான மருந்தும் அவர் பெயர் எழுதிய ஒரே டப்பாவில் வந்தது. முதல்முறை நோயாளிக்கு சிவப்பு டப்பா. ‘மருந்து தீர்ந்துபோச்சு’ என்று திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனது.

● பிறகு வந்தது ‘99டாட்ஸ்’. மாத்திரையைப் பிதுக்கினால் அட்டைக்குப் பின்னால் ஒரு போன் நம்பர் தெரியும். மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய கணக்கு சரி. பஸ் காசு இல்லை, காத்திருப்பும் இல்லை. மாத்திரை அட்டையை விட்டு வெளியே வந்தது மட்டும் இதில் தெரியும். தொண்டைக்குள் போனதா என்பது நோயாளிக்குத்தான் வெளிச்சம்.