கார்புரேட்டர் உறைபனி

கார்புரேட்டர் உறைபனி என்பது, பிஸ்டன் எந்திரத்தால் இயங்கும் சிறிய வானூர்திகளில், காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டரின் உட்புறத்தில் பனிக்கட்டி படிவதைக் குறிக்கும். இதனால் எந்திரத்தின் திறன் குறையும். கவனிக்காவிடில் எந்திரம் நின்றுவிடும். இறக்கைகளில் பனி படிவதற்குக் கடுங்குளிர் வேண்டும். இதற்கோ ஈரக்காற்றே போதும். எனவே தரங்கம்பாடி போன்ற வெப்பமண்டலக் கடற்கரைகளின் மேலும், மேகமற்ற வானிலும் இது நிகழக்கூடும்.

உருவாகும் முறை

கார்புரேட்டரில் வெஞ்சுரி எனப்படும் குறுகிய கழுத்துப் பகுதி உண்டு. காற்று அதன் வழியே விரைந்து செல்லும்போது அழுத்தமும் வெப்பநிலையும் குறைகின்றன. அங்கு தெளிக்கப்படும் பெட்ரோல், ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானையில் நீர் குளிர்வதும் இவ்வாறே. இவ்விரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 39 °செ வரை குறைக்கவல்லவை. அப்போது காற்றிலுள்ள நீராவி, வெஞ்சுரியின் சுவரிலும் திராட்டில் வால்விலும் உறைந்து காற்றின் வழியை அடைக்கிறது.

ஏதுவான வானிலை

வெப்பநிலை 21 °செ-க்குக் குறைவாகவும் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலும் உள்ளபோது இவ்வாபத்து மிகுதி. எனினும் 38 °செ வெப்பத்திலும் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் கூட இது ஏற்படலாம். காவிரிப் படுகையில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வயல்களில் நீர் நிற்கும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் பனி பெய்யும். இத்தகைய ஈரமான, மிதமான குளிர்ச்சியுள்ள காற்றே கார்புரேட்டர் உறைபனிக்கு ஏற்றது.

தரையிறங்குவதற்காகத் திறனைக் குறைக்கும்போது ஆபத்து மேலும் கூடுகிறது. அப்போது திராட்டில் வால்வு ஏறத்தாழ மூடியிருப்பதால், சிறிதளவு பனியே வழியை அடைத்துவிடும்.

அறிகுறிகள்

நிலையான கோணச் சுழல்விசிறி உள்ள வானூர்திகளில் எந்திரத்தின் சுழற்சி வேகம் மெல்லக் குறையும். மாறுகோணச் சுழல்விசிறி உள்ளவற்றில் சுழற்சி வேகம் மாறாது. உள்ளெடுப்புக் குழாயின் அழுத்தமே குறையும். பின்னர் எந்திரம் அதிரத் தொடங்கும்.

தடுப்பும் மீட்பும்

விமானியிடம் உள்ள கார்புரேட்டர் வெப்பமூட்டி, புகைபோக்கிக் குழாயைச் சுற்றிச் சூடான காற்றைக் கார்புரேட்டருக்குள் செலுத்துகிறது. அதை முழுமையாகத் திறக்க வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்ததாதலாலும், உருகிய நீர் எந்திரத்துக்குள் செல்வதாலும் முதலில் அதிர்வு கூடும். நிலைமை மோசமாகிவிட்டது எனக் கருதி வெப்பமூட்டியை மூடிவிடுவது ஆபத்தானது. எந்திரம் சீராகும் வரை அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். எந்திரம் நின்றுவிட்டால் புகைபோக்கி விரைவில் குளிர்ந்துவிடும்; பனியை உருக்க வெப்பம் கிடைக்காது. ஆகவே முதல் அறிகுறியிலேயே இதைப் பயன்படுத்த வேண்டும். பல வானூர்திகளில் திறனைக் குறைப்பதற்கு முன்னரே இது திறக்கப்படுகிறது.

எந்திர வகைகள்

செஸ்னா 150 வானூர்தியின் காண்டினென்டல் எந்திரம் இதற்கு எளிதில் உள்ளாகும். பல லைகாமிங் எந்திரங்களில் கார்புரேட்டர், எண்ணெய்த் தொட்டியோடு பொருத்தப்பட்டு அதன் சூட்டைப் பெறுவதால் ஆபத்து சற்றுக் குறைவு. எரிபொருள் உட்செலுத்தும் எந்திரங்களிலும் தாரை எந்திரங்களிலும் கார்புரேட்டர் இல்லாததால் இச்சிக்கல் எழுவதில்லை.

விபத்து ஆய்வு

விபத்துக்குப் பின் பனி உருகிவிடுவதால் தடயம் எஞ்சுவதில்லை. எந்திரத்தில் பழுதேதும் காணப்படாதபோது, அந்நேரத்து வெப்பநிலையையும் பனிநிலையையும் கொண்டே ஆய்வாளர்கள் இக்காரணத்தை ஊகிக்கின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

வானூர்தி
உள் எரி பொறி
ஒப்பு ஈரப்பதம்