நரைக்கு மை தீட்டலாமா?

நரைத்த மயிருக்குக் கருமை ஊட்டுவதா, இயல்பாக விட்டுவிடுவதா என்னும் வினா முதியோர்க்கே உரியது என்று மாணவர்கள் எண்ணக்கூடும். கல்லூரி வகுப்பறை ஒன்றைச் சுற்றி நோக்கினால் அவ்வெண்ணம் மாறிவிடும். இருபது வயதிலேயே காதோரம் வெண்மயிர் தோன்ற, நண்பர்களின் கேலிக்கு அஞ்சி அதனை மறைக்க வழி தேடுவோர் அங்கும் சிலர் இருப்பர். அவர்கள் பொருட்டும் இதனை ஆராய்தல் தகும். அவ்வாராய்ச்சிக்கு நாம் முதலில் செல்ல வேண்டிய இடம் ஜவ்வாது மலை.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அம்மலையில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். பெயரைக் கேட்டுக் கேரள நாட்டாரோ என மயங்க வேண்டா. அவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சாமை முதலியவற்றைப் பயிரிடுவதோடு, தேன், புளி, நெல்லி, கடுக்காய் ஆகிய காட்டுப் பொருள்களைச் சேகரித்து விற்பதும் அவர்கள் தொழில். அவற்றுள் கடுக்காயே இன்று நமக்கு வேண்டுவது. உலர்ந்த கடுக்காயின் தோலில் ஒரு துண்டை வாயிலிட்டால் நாக்கு இறுகிச் சுருங்குவதுபோல் தோன்றும். அத்துவர்ப்புக்குக் காரணம் ‘டானின்’ என்னும் பொருள். அது புரதத்தைப் பற்றி இறுக்கும் இயல்புடையது. மலையடிவாரத்தை அடுத்துப் பாலாற்றங்கரையில் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஊர்களின் தோல் பதனிடுவோர் அவ்வியல்பை நெடுங்காலம் பயன்படுத்தினர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் கிடந்தே பச்சைத்தோல் பதனிட்ட தோலாயிற்று. பின்னர் குரோமிய உப்புகள் வந்து அத்தொழிலின் போக்கையே மாற்றிவிட்டன.

இந்தக் கடுக்காய் நீர் இரும்பைச் சந்திக்கும்போது மற்றொரு விந்தை நிகழ்கிறது. மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நாட்டு மருந்துக் கடையில் ஓரிரு கடுக்காய் வாங்கி, நசுக்கி, ஒரு குவளை நீரில் ஊறவிடுங்கள். மங்கிய மஞ்சள் நிறமான அந்நீரில் நாலைந்து இரும்பு ஆணிகளைப் போட்டு வையுங்கள். மறுநாள் பார்த்தால் நீர் கறுத்திருக்கும். டானினும் இரும்பும் காற்றின் துணையால் கூடிக் கருநிறப் பொருளாக மாறியதே காரணம். ஓக் மரத்தின் காய்போன்ற கழலைகளையும் இரும்பு உப்பையும் கொண்டு ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் எழுதுமை செய்ததும் இதே முறையில்தான்.

கடுக்காய், நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி ஆகியவற்றை அரைத்து இரும்புச் சட்டியில் இரவு முழுதும் ஊறவைத்துத் தலையில் பூசும் வழக்கத்தைப் பாட்டிமார் பலர் அறிவர். மூலிகைகளின் பெருமையையே எல்லாரும் பேசுகின்றனர். பாதிப் பெருமையை அந்த இரும்புச் சட்டிக்கும் கொடுப்பதுதான் நேர்மை! ஆயினும் இம்மை பெரும்பாலும் மயிரின் மேற்புறத்திலேயே படிகிறது. சில முறை தலை முழுகினால் மங்கிவிடும். மருதாணி மட்டும் பூசினால் கருமை வராது. செம்மஞ்சள் நிறமே வரும்.

இனி நரை என்பது யாது எனக் காண்போம். நம் கண்ணுக்குத் தெரியும் மயிர் உயிரற்ற பொருள். உயிருள்ளது தோலுக்குள் புதைந்திருக்கும் வேர்ப்பையே. அங்குள்ள நிறமி உயிரணுக்கள் ‘மெலனின்’ என்னும் கருநிறப் பொருளை ஆக்கி, வளரும் மயிருக்கு ஊட்டுகின்றன. அவ்வணுக்கள் தளர்ந்தால் அவற்றின் இடத்தை நிரப்பச் சில மூல உயிரணுக்கள் சேமிப்பில் இருக்கும். அச்சேமிப்புத் தீர்ந்தபின் மயிர் வளரும், நிறம் இராது. எனவே நரை புதிதாக ஏறிய நிறமன்று, நிறம் வாராமையே. ஒரு நரையைப் பிடுங்கினால் பல முளைக்கும் என்பர். அது பொய். ஒவ்வொரு வேர்ப்பையும் தனித்தனியே இயங்குவதாயிற்றே!

முற்றி வளர்ந்த மயிர் உயிரற்றது என்பதை அறிந்தவர்க்கு, நரையைக் கறுக்கச் செய்யும் தைலங்களைப் பற்றிய விளம்பரங்கள் எத்தகையவை என்பதும் விளங்கும். மேலே தடவும் எண்ணெய் மயிரை மென்மையாக்கலாம். தீர்ந்துபோன மூல அணுக்களை அது படைத்துத் தாராது. ஆனால் 25 வயதுக்கு முன்பே நரை மிகுந்தால் மருத்துவரைக் காண்பது நன்று. பரம்பரையே பெரும்பாலும் காரணம் எனினும், வைட்டமின் பி12 குறைவும் தைராய்டுச் சுரப்பியின் கோளாறும் சிலரிடம் காரணமாகின்றன. அக்குறை தீர்ந்தபின் மயிர் மீண்டும் கறுத்து வளர்ந்தவரும் உண்டு.

கவலையால் நரைக்குமா? ஆர்வர்டு பல்கலைக்கழக அறிஞர் 2020-ஆம் ஆண்டில் எலிகளிடம் ஆராய்ந்து, கடுந்துன்பம் நரம்புகளைத் தூண்டி அம்மூல அணுக்களை விரைவில் தீர்த்துவிடுகிறது எனக் காட்டினர். இதனைப் படித்தபோது எனக்குப் பிசிராந்தையார் நினைவே வந்தது. ஆண்டு பல ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று கேட்டவர்க்கு, நல்ல மனைவி மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், நீதி தவறாத மன்னன், அடங்கிய கொள்கைச் சான்றோர் நிறைந்த ஊர் எனக் காரணம் அடுக்கிய சங்கப் புலவர் அவர். எலியின் கதை மனிதனுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு செய்தி. புலவர் கூறிய மருந்து எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

இன்று கடைகளில் விற்கும் நிலைத்த சாயங்களின் வேலை வேறு வகையானது. அவற்றுள் பலவற்றின் உயிர்நாடி ‘பாரா-பினைலின்டையமின்’ என்னும் பொருள். செருமானிய வேதியியலறிஞர் ஹோஃப்மன் 1863-இல் இதனை விவரித்தார். இவ்வகைச் சாயங்களை 1907-இல் பாரிசு நகரின் சிகையலங்காரர்களிடம் விற்கத் தொடங்கிய யூஜின் ஷூலேர் பின்னர் ஒரு பெரும் நிறுவனத்தையே எழுப்பினார். சாயத்தின் நிறமற்ற சிறு மூலக்கூறுகள் மயிருக்குள் நுழைகின்றன. உடன் கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. பெரிதாகிக் கறுத்த மூலக்கூறு வெளியே வர இயலாமல் உள்ளே சிறைப்படுகிறது. இச்சாயம் கழுவினாலும் போகாமைக்குக் காரணம் இதுவே.

இப்பொருள் சிலருக்கு ஒவ்வாது. தலை அரிக்கும், முகமும் கண்ணிமையும் வீங்கும். ஒருமுறை ஒவ்வாமை தோன்றினால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்காது. ‘கறுப்பு மருதாணி’ என்ற பெயரில் கையில் வரைவதிலும் இப்பொருள் கலப்பதுண்டு. சிறுவயதில் திருவிழாவில் கையில் வரைந்துகொண்டவர், பின்னாளில் தலைக்குச் சாயம் பூசித் துன்புறுவது இதனாலேயே. ‘மூலிகைச் சாயம்’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், உட்பொருள்களின் பட்டியலில் இப்பெயர் உள்ளதா எனப் படித்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் சாயமே வேண்டாமா? நான் அவ்வாறு கூறேன். தோற்றத்தைக் கொண்டு மனிதரை எடைபோடும் வழக்கம் உலகில் இருக்கும்வரை, அதற்கு ஈடு கொடுப்பவரைப் பழிப்பதில் பொருளில்லை. கரிகாலனின் கதையைப் பழமொழி நானூறு குறிப்பிடுகிறது. மன்னன் இளைஞன், இவனா நம் வழக்கைத் தீர்ப்பான் என்று முதியோர் இருவர் ஐயுற, அவன் நரைமுடி அணிந்து முதியவனாக வந்து தீர்ப்புக் கூறினானாம். அன்று வெண்மைக்கு மதிப்பு. ஆகவே அவன் வெண்மை பூண்டான். இன்று வேலைக்கான நேர்காணலிலும் பெண்பார்க்கும் கூடத்திலும் கருமைக்கு மதிப்பு. 2011-இல் வெளிவந்த ‘மங்காத்தா’ படத்தில் அஜித்குமார் நரைத்த தலையுடனே தோன்றியபோது இளைஞர்கள் அதனை ஓர் அழகாகவே கொண்டாடினர். நரைத்த கூந்தலுடன் ஒரு கதாநாயகியை அவ்வாறே கொண்டாடுவார்களா என்பது ஐயமே. பெண்டிரிடம் மட்டும் நரையைக் குற்றமாகக் காணும் கண்ணையே நான் குறை கூறுவேன். சாயம் பூசும் கையையன்று.

சாயம் பூசத் துணிந்தவர், அட்டையில் கூறியுள்ளபடி சிறிதளவைக் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ தடவி, 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால் அதனை விட்டுவிட வேண்டும். இது ஒரு நாள் செலவன்று என்பதையும் அறிய வேண்டும். மயிர் மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. சாயம் பூசிய மூன்றாம் வாரமே வகிட்டில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். மாதந்தோறும் வரி செலுத்துவது போன்றது இது.

இதை நிறுத்தி இயல்புக்குத் திரும்ப விழைவோருக்கும் அதே கணக்குத்தான். குறுமுடி வைத்த ஆடவர் மூன்று நான்கு முறை முடி வெட்டினால் பழைய சாயம் போய்விடும். 30 சென்டிமீட்டர் கூந்தலுடைய மங்கைக்கோ இரண்டரை ஆண்டுகள் ஆகும். அதுவரை மேலே வெண்மையும் கீழே கருமையுமாக இரு நிறத்துடன் நடமாட வேண்டும். பலர் மனம் தளர்ந்து மீண்டும் சாயத்தை நாடுவது இவ்விடைக்காலத்தில்தான். கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொள்பவர்க்கு அவ்விடைக்காலமும் அந்த அளவுக்குக் குறையும்.