ஐந்து விகிதமும் ஒரு பல்கலைக்கழகமும்

மக்களாட்சியில் உரிமையென்பது அரசியலமைப்பின் ஏட்டிலே தொடங்குகின்றது. ஏட்டோடு நின்றுவிடின் அதனால் மக்களுக்குப் பயனில்லை. வாக்கு பிரதிநிதித்துவமாகவும், பிரதிநிதித்துவம் கல்வியாகவும் தொழிலாகவும் மலர்தல் வேண்டும். இதற்குக் கிழக்கிலங்கை தந்த சான்று எம். எச். எம். அஷ்ரப்பின் பாராளுமன்ற வாழ்க்கையாகும்.

அம்பாறைக் கரையோரத்தில் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. சாய்ந்தமருது முஸ்லிம்களின் ஊர்; அதனை அடுத்துள்ள காரைதீவு விபுலாநந்த அடிகளார் அவதரித்த ஊர். இரண்டுக்கும் மொழி தமிழே. இச்சூழலில், 1948ஆம் ஆண்டு சம்மாந்துறையிற் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர் அஷ்ரப். சட்டத்தரணியாகிய அவர், 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரசைத் தோற்றுவித்தார்.

அக்காலத்தில் சிறுபான்மையினரின் பெருந்தடை ஓர் எண்ணாகவே இருந்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசாரத் தேர்தலைப் புகுத்தியபோது, ஒரு மாவட்டத்தில் அளிக்கப்பட்ட வாக்குகளில் எட்டிலொரு பங்கு, அதாவது 12.5 விகிதம் பெறாத கட்சிக்கு அம்மாவட்டத்தில் ஆசனமில்லை என விதித்தது. ஓரிலட்சம் வாக்குகள் அளிக்கப்பட்ட மாவட்டத்தில் 12,000 வாக்குகள் பெற்ற கட்சியும் வெறுங்கையுடன் திரும்பவேண்டியதே. இலங்கை முஸ்லிம்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே கிழக்கில் வாழ்கின்றனர். ஏனையோர் பல மாவட்டங்களிற் சிதறியுள்ளனர். ஆதலின் இவ்விதி அவர்களை நேரே தாக்கியது. 1988 டிசம்பரில் நிறைவேறிய பதினைந்தாம் திருத்தம் அவ்வெல்லையை 5 விகிதமாகக் குறைத்தது. அஷ்ரப் பிரேமதாசவிடம் விடுத்த கோரிக்கையே இதற்கு ஏதுவாயிற்று என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். மலையகத் தமிழரின் கட்சிகளும் பிற சிறு கட்சிகளும் இதனாற் பயன்பெறுதல் கூடிற்று.

ஜெர்மனியிலும் இதே 5 விகித எல்லையுண்டு. அங்கே அது சிறு கட்சிகள் பெருகிப் பாராளுமன்றம் சிதறாதிருக்க இட்ட வேலி. எனினும் தேசிய சிறுபான்மையினரின் கட்சிகளுக்கு விலக்களிக்கப்பட்டுள்ளது. அவ்விலக்கின் வழியே, 2021இல் டேனிய சிறுபான்மையினரின் கட்சி ஓர் ஆசனம் பெற்றது. அங்கே வேலியாக நிற்கும் எண் இங்கே வாயிலாயிற்று. எண்ணின் நன்மை தீமை, அது யாரை உள்ளே விடுகிறது என்பதனாலேயே அறியப்படும்.

1989இல் அஷ்ரப் திகாமடுல்லை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் புகுந்தார். மறு ஆண்டே பேரிடர் நேர்ந்தது: 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் கொல்லப்பட்டனர், அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். உயிர் வாழும் உரிமையும், சொந்த மண்ணில் இருக்கும் உரிமையுமே அன்றைய வினாவாயின. 1994இல் மக்கள் கூட்டணி 105 ஆசனங்களையே பெற்றது. 225 பேர் கொண்ட சபையில் 113 வேண்டியிருந்தமையின், முஸ்லிம் காங்கிரசின் ஆதரவு ஆட்சியமைக்க இன்றியமையாததாயிற்று. அஷ்ரப் கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு ஆகியவற்றுக்கு அமைச்சரானார்.

போரினால் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லவியலாத தென்கிழக்கு மாணவர்க்காக, 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. 1996இல் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று ஒலுவிலில் அமைந்துள்ள அப்பல்கலைக்கழகத்தில் மூவினத்து மாணவரும் பயில்கின்றனர்.

2000 செப்டம்பர் 16ஆம் நாள் ஹெலிகொப்டர் விபத்தில் அஷ்ரப் காலமானார். அவர் விரும்பிய ஒலுவில் துறைமுகம் 2013இற் திறக்கப்பட்டது. ஆயின் அதன் வாயிலை மணல் மூடியது. வடபுறக் கரையைக் கடல் அரித்தது. ஒரே ஊரில் எழுந்த இவ்விரு பணிகளும் ஒரு பாடம் புகட்டுகின்றன. மக்களின் குறையிலிருந்து பிறந்த பணி தழைத்தது; கடலின் இயல்பையும் கரைவாழ்வோரின் நிலத்தையும் போதிய அளவு எண்ணாத பணி இடர்ப்பட்டது. உரிமையைக் கேட்டுப் பெறுவது பிரதிநிதியின் முதற்கடன். பெற்ற உரிமை மக்களின் நிலத்தையும் வாழ்வையும் காக்கின்றதா என ஓயாது நோக்குவது அவனைத் தேர்ந்தோர் கடனாகும்.