சிப்பாய்க்கும் வயிறு உண்டு!

பட்டாளத்துக்காரன் என்றதும் நம்மில் பலருக்கு என்ன தோன்றுகிறது? மிடுக்கான உடுப்பு, தோளிலே துப்பாக்கி, அணிவகுப்பு, கொடி வணக்கம்! அணிவகுப்பு முடிந்து வீடு திரும்புகிறானே, அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா, வாடகை பாக்கி எத்தனை மாதம் என்று கேட்போர் எத்தனை பேர்?

அயர்லாந்து நாட்டுப் பெண்கள் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை, சட்டத்தையே மாற்ற வைத்தார்கள். அந்தக் கதையைத் தோழர்கள் அறிய வேண்டும்.

அயர்லாந்து சிறிய நாடு. நேட்டோ கூட்டணியில் சேராத நாடு. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் உண்டு. ஆனால் பிறர் மண்ணைப் பிடிக்க அல்ல. பிறகு அந்தப் படைக்கு என்னதான் வேலை? 1958 முதல் ஐ.நா. கொடியின் கீழ் அமைதி காக்கச் செல்கிறார்கள். 1960இல் காங்கோ நாட்டு நியம்பாவில் ஒரே தாக்குதலில் 9 வீரர்கள் மாண்டனர். 1978இல் லெபனானுக்குச் சென்றனர். இப்படி அயல்நாட்டு அமைதிக்காக உயிர் கொடுத்தோர் 80க்கும் மேற்பட்டோர்.

உள்நாட்டிலும் ஓய்வில்லை. வெள்ளம் வந்தால் மணல்மூட்டை சுமப்பவன் சிப்பாய். மீன்வளத்தைக் காக்கக் குளிர்கடலில் ரோந்து சுற்றுபவன் மாலுமி. 2012 முதல் உயிருக்குப் போராடும் நோயாளியை ஹெலிகாப்டரில் மருத்துவமனை சேர்ப்பவன் விமானப்படையாள். வட அயர்லாந்துக் குழப்பக் காலத்தில் வங்கிப் பண வண்டிகளுக்குக் காவல் போனதும் அதே சிப்பாய்தான்!

இவ்வளவு செய்தவனுக்குக் கிடைத்த கூலி? போதவில்லை. போதவில்லை என்று சொல்லச் சங்கம் வைக்கலாமா? கூடாது! வாய் திறந்தால் ஒழுங்கு மீறல். ஆகவே மனைவிமார் வாய் திறந்தார்கள். கணவன் கட்டுப்பட்டவன், நாங்கள் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்றார்கள். 1989 பொதுத் தேர்தலில் வேட்பாளர்களாகவே நின்றார்கள். ஆட்சியாளர் காதில் விழுந்தது. 1990இல் சட்டம் திருத்தப்பட்டது. சிப்பாய்களுக்கு ஒரு சங்கம், அதிகாரிகளுக்கு ஒரு சங்கம் பிறந்தன.

வென்றாயிற்று என்று இருந்துவிட முடிந்ததா? இல்லை. 1997இல் வந்த வேலை நேரச் சட்டம், வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரமே உச்சவரம்பு என்றது. யாருக்கு? மற்றவர்களுக்கு. படையினருக்கு அது பொருந்தாது என்று அதே சட்டம் ஒதுக்கி வைத்தது! 2008இல் வங்கிகள் சரிந்தன. பொருளாதாரம் கவிழ்ந்தது. வெட்டு யார் தலையில்? அரசு ஊழியர் சம்பளத்தில், சிப்பாயின் சம்பளத்திலும். பண வண்டிக்குக் காவல் நின்ற படையிலே, ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவித் தொகையை நம்பி வாழ்ந்த குடும்பங்களும் இருந்தன. இதைவிடக் கொடுமை உண்டா?

விளைவு என்ன? கார்க் நகரத் தொழிலாளிகள் கட்டிய 'எத்னே' என்ற போர்க்கப்பல், 2015இல் மத்தியதரைக் கடலில் தத்தளித்த அகதிகளை ஆயிரக்கணக்கில் காப்பாற்றியது. அதே கப்பல் 2019இல் துறையிலே கட்டிப் போடப்பட்டது. எஞ்சின் கெட்டதா? இல்லை, ஓட்ட ஆள் இல்லை! போதாத கூலியை விட்டு மாலுமிகள் வெளியேறிக் கொண்டிருந்தார்கள். 2022இல் அக்கப்பல் படையிலிருந்தே நீக்கப்பட்டது.

படையில் சங்கம் நுழைந்தால் கட்டுப்பாடு குலையும் என்பார் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: படைவீரர் சங்கங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பு 2014இல் முறையிட்டது. தொழிற்சங்கக் காங்கிரசோடு இணையக் கூடாதென்று தடுத்தது தவறு என்று ஐரோப்பிய சமூக உரிமைக் குழு தீர்ப்பளித்தது. வேலைநிறுத்தத் தடையை மட்டும் அக்குழு ஏற்றுக் கொண்டது. 2022இல் சம்பளப் பேச்சுக்காகக் கதவு திறந்தது. 2024இல் இணைப்புக்குச் சட்டமே வழிசெய்தது. கட்டுப்பாடு குலைந்ததா? குலையவில்லை. சங்கம் கப்பலைக் கட்டிப் போடவில்லை தோழர்களே, போதாத கூலிதான் கட்டிப் போட்டது!

துப்பாக்கி ஏந்துபவனும் உழைப்பாளியே. நாட்டைக் காக்கச் சொல்லும் அரசு, அவன் வீட்டைப் பட்டினியில் விட்டால், காவலுக்கு நாளை எவன் வருவான்? வீரவணக்கம் வேண்டியதுதான், அதற்கு முன்னே கூலி வேண்டும், கேட்கும் உரிமை வேண்டும் என்கிறோம் நாம்.