இரைப்பை ரண சிகிச்சைக்குப் பின் சோடாவும் கலர் பானங்களும்

உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையில் செய்யப்படும் ரண சிகிச்சை இன்று நம் நாட்டின் பல நகரங்களில் நடைபெற்று வருகிறது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 24 சதவிகிதத்தினரும், ஆண்களில் ஏறக்குறைய 23 சதவிகிதத்தினரும் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்கள். இவர்களுள் மிகச் சிலருக்கே ரண சிகிச்சை தேவைப்படும். எனினும் அதனைச் செய்துகொண்டோர் சில தினங்களில் தத்தம் ஊருக்குத் திரும்பிவிடுகின்றனர். அதன்பின் அவர்களுக்கு எழும் ஐயங்களைத் தீர்க்க வேண்டியவர்கள் பெரும்பாலும் அவ்வூரின் சுகாதார ஊழியர்களும் ஆசிரியர்களுமே ஆவர். அவ்வையங்களுள் அடிக்கடி எழுவது, சோடா அருந்தலாமா என்பது.

இதற்கு விடை காணுமுன், சிகிச்சையினால் இரைப்பையில் நேரும் மாறுதலை அறிதல் வேண்டும். வயது வந்தவரின் இரைப்பை, உணவு உண்டபின் ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை விரிந்து கொடுக்கும். இன்று பெரிதும் கையாளப்படும் முறைகள் இரண்டு. முதலாவதில், இரைப்பையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சியது ஒரு குறுகிய குழாயாக அமைக்கப்படுகிறது. இரண்டாவதில், இரைப்பையின் மேற்புறத்தில் சுமார் 30 மில்லி லிட்டர் கொள்ளும் சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, அது சிறுகுடலுடன் நேரே இணைக்கப்படுகிறது. இம்மாற்று வழி முறையை அமெரிக்காவின் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் என்னும் வைத்தியர் 1966-ல் உடற்பருமனுக்குக் கையாண்டார். 30 மில்லி லிட்டர் என்பது இரண்டு மேஜைக் கரண்டி அளவேயாகும்.

இனி, சோடாவின் இயல்பைக் காண்போம். சோடா என்பது அழுத்தத்தின் துணையால் கரியமில வாயு கரைக்கப்பட்ட நீர். அழுத்தம் மிகுந்தால் கரையும் வாயு மிகும். உஷ்ணம் மிகுந்தால் குறையும். புட்டியில் அடைக்கப்படும் பானங்களில் பொதுவாக நீரின் கன அளவைப் போல் மூன்று அல்லது நான்கு மடங்கு வாயு கரைந்துள்ளது. எனவே 200 மில்லி லிட்டர் பானத்தில் 600 முதல் 800 மில்லி லிட்டர் வரை வாயு அடங்கியிருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் நீங்குவதால் ஒரு பகுதி வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி, பானம் உடலின் உஷ்ணத்தை அடையும்போது வயிற்றுக்குள்ளேயே பிரிகிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் செய்து காட்டலாம். பிளாஸ்டிக் புட்டியிலுள்ள இரண்டு சோடாக்களைத் திறந்து, உடனே அவற்றின் வாயில் ரப்பர் பலூன்களை மாட்டுக. ஒன்றைப் பனிக்கட்டி நீரிலும், மற்றொன்றைக் கை பொறுக்கும் வெந்நீரிலும் நிறுத்துக. வெந்நீரில் நிற்கும் புட்டியின் பலூன் விரைவாகவும் பெரிதாகவும் உப்புவதை மாணவர்கள் காண்பார்கள்.

இயல்பான இரைப்பையில் இவ்வாயு ஏப்பமாக வெளிப்பட்டுவிடும், தீங்கொன்றும் இல்லை. சிகிச்சை செய்த இரைப்பையிலோ அதற்குப் போதிய இடமில்லை. தொடக்க வாரங்களில் தையலிட்ட பகுதி வீங்கியும் இருக்கும். ஆகவே சில மிடறு சோடாவே நெஞ்சடைப்பு, வலி, குமட்டல் ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். குழாய் போன்ற இரைப்பை உடையோருக்கு உள்ளழுத்தம் மிகுதியாகையால், மேலெழும் வாயுவுடன் அமிலமும் தொண்டையை நோக்கி வருவதுண்டு.

சோடா குடித்தால் இரைப்பை வெடித்துவிடும் என்றும், அது மீண்டும் பழைய அளவுக்கு விரிந்துவிடும் என்றும் சிலர் அச்சுறுத்துகின்றனர். ஆறிய இரைப்பை ஒரு குவளை சோடாவினால் வெடிப்பதில்லை. வாயுவினால் அது நிரந்தரமாக விரிகிறது என்பதற்கும் உறுதியான சான்று இதுவரை கிடைத்திலது. இத்தகைய அச்சுறுத்தலால் தீமையே விளைகிறது. ஒரு முறை அருந்திப் பார்த்து, ஒன்றும் நேரவில்லை என்று கண்டவர், வைத்தியர் கூறிய மற்ற எச்சரிக்கைகளையும் பொய்யெனத் தள்ளிவிடுவார்.

நெடுங்காலத்தில் வாயுவைவிடப் பெருந்தீங்கு இழைப்பது சர்க்கரையே. வழக்கமான கோலா பானத்தில் 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உண்டு; 300 மில்லி லிட்டர் புட்டி ஒன்றில் 30 கிராம், அதாவது 120 கலோரி. சிறிய இரைப்பை திட உணவைத் தடுத்து நிறுத்தும், திரவத்தை நிறுத்தாது. எனவே இனிப்புப் பானம் அருந்துவோர் பசி தீராமலே கலோரிகளைச் சேர்த்து, குறைந்த எடையை மீண்டும் பெறுகின்றனர். மேலும், மாற்று வழி முறையில் சர்க்கரை நீர் நேரே சிறுகுடலில் இறங்குவதால், அது இரத்தத்திலுள்ள நீரைக் குடலுக்குள் ஈர்க்கிறது. அரை மணி நேரத்திற்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு தோன்றலாம். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரலாம்.

இவ்விரு காரணங்களையும் பிரித்தறிந்தவர் எந்தப் பானத்தைப் பற்றியும் தாமே முடிவு செய்யலாம். வெறும் சோடாவில் வாயு மட்டும் உண்டு. கலர் பானங்களிலும், சர்க்கரை சேர்த்த சீரக சோடா, பன்னீர் சோடா முதலியவற்றிலும் வாயுவும் சர்க்கரையும் உண்டு. ஆற்றி வாயு போக்கிய கலரில் சர்க்கரை அப்படியே நிற்கிறது. சர்க்கரையற்றது என விற்கப்படும் கோலாவில் வாயுவும் அமிலமும் எஞ்சுகின்றன. பீர் முதலிய மதுபானங்களில் வாயுவோடு சாராயமும் சேர்கிறது. மாற்று வழி சிகிச்சைக்குப் பின் அது வெகு விரைவில் இரத்தத்தில் கலக்கும்.

ஊழியர்கள் யாவற்றினும் முக்கியமாகக் கருத வேண்டியது வேறொன்று. நம் நாட்டில் வயிறு உப்பினாலும் வலித்தாலும் ஒரு சோடா வாங்கிக் கொடுப்பது வழக்கம். சிகிச்சை செய்துகொண்டவரிடத்தில் இவ்வழக்கம் உயிருக்கே இடையூறாகலாம். தொடக்க வாரங்களில் தையல் கசிந்து, இரைப்பை நீர் வயிற்றறைக்குள் பரவுவது அரிதாக நேர்வதுண்டு. வலி மிகுதல், காய்ச்சல், மூச்சுத் திணறல், நாடி நிமிஷத்துக்கு 120-க்கு மேல் துடித்தல் ஆகியன அதன் அறிகுறிகள். மாற்று வழி சிகிச்சையில், பல மாதங்களோ ஆண்டுகளோ கழிந்த பின்னரும் குடல் ஓர் இடைவெளியில் புகுந்து சிக்கி, கடும் வலியை உண்டாக்கலாம். இவற்றை வாயுத் தொல்லை என எண்ணிச் சோடாவால் காலம் கடத்தினால், காப்பாற்றும் நேரம் கைநழுவிப் போகும். இத்தகைய நோயாளியைத் தாமதமின்றி ரண சிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும்.

ஓயாத வாந்தியும் அவ்வாறே. உணவு தங்காத நிலையில் வைட்டமின் பி1 என்னும் தையமின் சில வாரங்களிலேயே குறைந்துவிடும். நடை தள்ளாடுதல், பார்வை இரட்டித்தல், புத்தித் தடுமாற்றம் ஆகியன தோன்றினால் மூளை நிலையாகப் பழுதுபடக்கூடும். வாந்திக்காகச் சிகிச்சை செய்துகொண்டவர் குளூக்கோஸ் ஏற்றிக்கொள்ள வரும்போது, இன்ன ரண சிகிச்சை நடந்தது என்பதை அங்குள்ள வைத்தியரிடம் தவறாமல் தெரிவிக்கும்படி சொல்லுங்கள். தையமின் கொடாமல் குளூக்கோஸ் மட்டும் ஏற்றுவது அக்குறையை அதிகப்படுத்தும்.

நாள்தோறும் பின்பற்ற வேண்டியவை எளியவையே. சுமார் ஒன்றரை லிட்டர் நீரைச் சிறு மிடறுகளாக நாள் முழுவதும் பரப்பி அருந்துதல். உணவோடு நீர் அருந்தாமல், உண்டபின் அரை மணி நேரம் பொறுத்தல். நீர்மோர், பருப்பு நீர் போன்ற வாயுவும் சர்க்கரையும் அற்ற பானங்களைக் கொள்ளுதல். வைத்தியர் குறித்த வைட்டமின், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை விடாது உட்கொள்ளுதல். சோடாவைத் தொடக்க மாதங்களில் அறவே நீக்கும்படி பல வைத்தியசாலைகள் கூறுகின்றன. என்றைக்குமே வேண்டாம் என்று கூறுவனவும் உண்டு. நோயாளி தமக்குச் சிகிச்சை செய்த வைத்தியசாலையின் விதியையே கடைப்பிடித்தல் நலம். விருந்தினர்க்குச் சோடா உடைத்துக் கொடுப்பதை உபசாரமாகக் கருதும் வீட்டாருக்கு ஊழியர்கள் இக்காரணங்களை முன்கூட்டியே விளக்கினால், மறுத்துக் கூறும் சங்கடம் நோயாளிக்கு நேராது.